குவளைக்குள் ஒரு வேங்கை



கூடங்குளத்தில் நாங்கள் கண்டு வளர்ந்தவை பனையும் உடையும்தாம். வேங்கை மரத்தை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் எங்கள் பத்தாம் வகுப்பில் நால்வர் வீட்டில் வேங்கைக் குவளை இருக்கிறது! இரவில் தாத்தா அதில் தண்ணீர் ஊற்றி வைப்பார். விடியற்காலையில் தேயிலை நிறமாகிவிட்ட அந்நீரைச் சர்க்கரை நோய்க்கென்று பருகுவார். சில வாரங்களில் சாயம் இறங்காமல் போகும். குவளை அடுப்புக்குப் போகும், புதியது வரும்.

தாத்தாவின் நம்பிக்கையை நாங்கள் எள்ளி நகையாடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், வேங்கைச் சாற்றை உண்ட 97 பேரில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. ஆனால் அவர்கள் நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள். அளவிட்ட மருந்தை மருத்துவர் மேற்பார்வையில் உண்டவர்கள். குவளை இருக்கிறதென்று மாத்திரையை நிறுத்துவது பேதைமை.

எங்கள் வருத்தம் மரத்தைப் பற்றியது. குவளை கடையவும் கதவு, நிலை செய்யவும் வேண்டியது வயிரம். வயிரமோ முதிர்ந்த மரத்தில்தான் உண்டு. வெட்டினால் இரத்தம் போல் பால் வடியும் இம்மரத்தின் விதை எளிதில் முளைப்பதுமில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அச்சுறு நிலையை நெருங்கும் இனமாகக் குறித்துள்ளது. இதன் பொன்னிறப் பூவைக் கொய்யும்போது மகளிர் 'புலி, புலி' என்று கூவியதைச் சங்கப் பாடல்கள் கூறும். நம் மாவட்டத்து மலையில் 1988-இல் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அமைந்தது. நாலுகால் வேங்கைக்காக வைத்த காவலில் மர வேங்கைக்கும் நிழல் கிடைத்திருக்கிறது. காப்பகத்துக்கு வெளியே நிற்கும் மரத்துக்கு யார் காவல்?

ஒன்று யோசித்துப் பாருங்கள். குவளை கடையும்போது உள்ளிருந்து குடைந்தெடுத்துக் கொட்டும் சீவலும் அதே வயிரந்தானே? மர வேலைக்கு அறுக்கும் வேங்கையில் மிஞ்சும் துண்டும் அதுவே. அதைக் கண்ணாடிக் குவளையில் ஊறவைத்தால் சாயம் இறங்காதா? குவளைக்கென்று தனியே ஒரு மரம் விழ வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து. நாட்டு மருந்துக் கடையில் வேங்கைச் சீவல் கேட்டால் தருவார்கள். எங்கிருந்து வந்த மரம் என்பதையும் கேட்டுவிட்டே வாங்கலாம்.

எங்களில் ஒருத்தியின் தாத்தாவிடம் இதைச் சொன்னோம். "சீவலை ஊறப்போட்டுக் குடிக்க நான் என்ன மாடா?" என்றார். அவர் குவளையில் இப்போது சாயம் மங்கி வருகிறது. அடுத்த சனிக்கிழமை அவர் கடைக்குப் புறப்படுமுன் நாங்கள் நால்வரும் மறுபடி போய்ப் பேசப் போகிறோம்.