துளையில் எழுதிய இசை

ஆரணிப் பட்டு நெய்யும் வட்டாரத்தில் ஜக்கார்டு பெட்டியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அட்டையில் துளை இருந்தால் பாவு நூல் எழும், இல்லாவிட்டால் எழாது. முந்தியின் மயிலும் மாங்காயும் இப்படித்தான் பிறக்கின்றன. அந்தச் சேலையை உயிரற்றது என்று அங்கே யாரும் ஒதுக்குவதில்லை. துளை எங்கே விழவேண்டும் என்று முடிவு செய்தது மனித மனம் என்பது நெசவாளிக்குத் தெரியும். எந்திரம் வாசிக்கும் இசைக்கும் இதே நியாயம் பொருந்தும் என்பதே என் வாதம்.

தானியங்கி பியானோவில் காகிதச் சுருள் ஓடும். துளை வரும்போது காற்று புகுந்து, அதற்குரிய சுத்தியலை இயக்கும். பெரும்பாலான சுருள்கள் வழக்கமான பாட்டுகளையே திருப்பி வாசித்தன. கான்லன் நான்காரோவோ (1912–1997) அந்தக் கருவிக்கென்றே இசை அமைத்தார். அமெரிக்காவில் பிறந்து, ஸ்பெயினில் பிராங்கோவை எதிர்த்துப் போரிட்டு, 1940இல் மெக்சிகோவில் குடியேறியவர். சில நிமிட இசைக்காக மாதக்கணக்கில் கையால் துளையிட்டார். அப்படி உருவானவை ஏறத்தாழ ஐம்பது 'ஸ்டடி'கள். நம் பல்லவியில் தாளம் மாறாதிருக்க, ஒரே வரியை வெவ்வேறு காலங்களில், அதாவது வேகங்களில், அடுத்தடுத்துப் பாடுகிறோம். நான்காரோ அந்தக் காலங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டார். 37ஆம் ஸ்டடியில் பன்னிரண்டு குரல்கள், பன்னிரண்டு வேகங்கள். 21ஆம் ஸ்டடியில் ஒரு குரல் மெல்லத் தொடங்கி விரைகிறது, மற்றது விரைந்து தொடங்கித் தளர்கிறது. நடுவில் இரண்டும் குறுக்கிடும் இடம் சிலிர்க்க வைக்கும்.

மனோதர்மம் எங்கே என்று கேட்பார்கள். மேடையில் அந்தக் கணத்தில் பிறக்கும் கற்பனை இதில் இல்லைதான், அது இழப்பே. ஆனால் எழுதிவைத்த இசை அனைத்தும் அந்த இழப்பை ஏற்றுத்தான் நிற்கிறது. வெறும் கணக்கு என்பது இன்னொரு குறை. நான்காரோ ஜாஸ் ட்ரம்பெட் வாசித்தவர். 3ஆம் ஸ்டடியில் பூகி-வூகி என்ற பியானோ நடையின் துள்ளல் கேட்கும்போது அந்தக் குறை நிற்காது. பிற்காலத்தில் சில ஸ்டடிகளை மனிதர்களே வாசித்துவிட்டார்களே, பிறகு எந்திரம் எதற்கு என்றும் கேட்கலாம். வாசிக்க முடியாது என்று கருதப்பட்டதை முதலில் காதுக்குக் காட்டியது எந்திரம்தான். விரல்கள் பின்னால் வந்தன. இன்று நம் திரையிசையில் கணினி கோக்கும் தாளங்களை வியப்பின்றிக் கேட்கிறோம். அந்த வழியில் வெகு முன்பே தனியாக நடந்தவர் இவர்.

மிருதங்கமும் லயமும் கற்பிக்கும் நம் இசைக் கல்லூரிகள், 21ஆம் ஸ்டடியை மாணவர்களுக்கு ஒருமுறையாவது போட்டுக் காட்ட வேண்டும்.