குட்டி யானை வாங்கப்போறீங்களா? மீட்டரைப் பார்க்காதீங்க!

பழைய டாடா ஏஸ் வாங்கப் போறவர்கிட்ட நம்ம ஐடி மக்கள் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" காருக்குச் சொல்ற அறிவுரையைச் சுமைவண்டிக்கும் சொல்லி ஏங்க கெடுக்கறீங்க? மீட்டரைத் திருத்த எவ்ளோ நேரம் ஆகும்!

2005-ல் வந்த ஏஸ், ரெண்டே சிலிண்டர், 702 சிசி. முக்கால் டன் சுமக்கத்தான் செஞ்சாங்க. அதுல ஒன்றரை டன் செங்கல் ஏத்தி இருபதாயிரம் ஓட்டின வண்டியைவிட, லட்சம் கிலோமீட்டர் அப்பளக்கட்டு சுமந்தது எவ்வளவோ மேல்.

கீழே குனிஞ்சு பாருங்க சாமி. பின்னாடி ஸ்பிரிங்ல கூடுதல் பட்டை சொருகியிருக்கா? புதுப் பெயிண்டுக்கு அடியில சேஸிஸ்ல வெல்டிங் தழும்பு? காலையில இஞ்சின் சூடாகுறதுக்கு முன்னாடியே போய் நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை வருதா, கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டுங்க. நம்ம கார் நின்னா ஆபீஸ் கேப் இருக்கு. அவருக்கு வண்டி நின்னா அன்னிக்குக் கூலி இல்லை, டியூ மட்டும் நிக்காது.

ஆர்சியில பைனான்ஸ் பேரு இருந்தா, என்ஓசி கைக்கு வராம அட்வான்ஸ் கூடாது. எட்டு வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்சி. அந்தச் செலவையும் பேரத்துல கழிங்க.

டிஸ்கி: "டாக்டர் ஓட்டின வண்டி"ன்னு குட்டி யானைக்கும் சொல்றாங்கப்பா :)