காவலர் எழுதாத சிறை

சிறை இலக்கியம் என்றதும் நம் நினைவில் எழுபவை கைதிகளின் நூல்களே: வ.உ.சி.யின் சுயசரிதை, சி.ஏ.பாலனின் 'தூக்குமர நிழலில்', தியாகுவின் 'சுவருக்குள் சித்திரங்கள்'. கம்பிக்கு இப்பால் நின்றவர் எழுதியதை நாம் அதிகம் வாசித்ததில்லை.

நாகர்கோவிலில் மாவட்டச் சிறை உண்டு. நாஞ்சில் நாட்டு இளைஞர் ஒருவர் அங்கே இரண்டாம் நிலைச் சிறைக்காவலராகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். காவல், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் பொதுத் தேர்வு நடத்துகிறது. வினாத்தாளில் உளவியலும் உண்டு. ஓட்டம், கயிறேற்றம், ஆண்களுக்கு 81 செ.மீ. மார்பளவு என உடலும் அளக்கப்படுகிறது.

நள்ளிரவில் அழுபவனுக்குக் காவலர் என்ன சொல்வார்? இதற்குப் பயிற்சிக் கையேடு மட்டும் போதாது. துறையின் பெயரிலோ 'சீர்திருத்தப் பணிகள்' இருக்கிறது. ஓய்வுபெற்ற காவலர்கள் எழுதட்டும். அடுத்து வரும் இளைஞன் தான் ஏற்பது என்னவென்று அறிந்து உள்ளே போவான்.