ஆனையிறவில் நிற்கும் இயந்திரம்

குளத்துக்கும் போர்க்கலத்துக்கும் ஆங்கிலத்திலே ஒரே பெயர் வழங்குவது வன்னி மக்களுக்கு விந்தையாகத் தோன்றக்கூடும். இரணைமடுவும் 'டாங்க்', சங்கிலிப் பட்டியின்மேல் ஊர்ந்து வரும் இரும்புக் கோட்டையும் 'டாங்க்'. முதலாம் உலகப் போரிலே, புதிய படைக்கலத்தின் இரகசியம் வெளிப்படாதிருக்க, அதனைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி மறைத்தனர் பிரித்தானியர். 1916 செப்டெம்பரில் பிரான்சின் சொம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கிற்று.

தரையிலே நடக்கும் போர்வீரன் தன்னந்தனியே அதனை எங்ஙனம் தடுப்பது? 1961இல் சோவியத் படையிற் சேர்ந்த ஆர்.பி.ஜி.-7 தோளில் ஏந்தும் வெறுங்குழாய்தான். அதன் தலையில் வெடிமருந்தைக் கூம்பாகக் குடைந்து, உள்ளே உலோகத் தகடு பதித்திருக்கின்றனர். வெடித்ததும் அத்தகடு நசுங்கி, வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்திற் பாயும் ஊசியாகிறது. அது கவசத்தை உருக்குகிறது என்பார் பலர். உண்மையில் அழுத்தத்தாலேயே துளைக்கிறது. 1973இல் சினாய்ப் பாலைவனத்திலே எகிப்திய வீரர்கள் கம்பிவழி ஏவுகணையைக் கண்ணாற் பார்த்துக் கையாற் செலுத்தினர். 2022இல் உக்ரேன் களத்தில் பேர்பெற்ற ஜவெலினோ, ஏவியவன் ஓடி மறைந்த பின்னும் தானே இலக்கைத் தேடிச் செல்வது.

ஆனையிறவில் 1991 ஜூலை 14ஆந் திகதி அத்தகைய கருவி எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை. புலிகள் புல்டோசர் ஒன்றுக்குக் கவசம் பூட்டி முகாமை நோக்கிச் செலுத்தினர். காமினி குலரத்ன என்னும் இராணுவ வீரர் அதன்மேல் ஏறி உள்ளே கைக்குண்டுகளை எறிந்தார். தாமும் மாண்டார். இலக்கைத் தேடிச் சென்றது ஒரு மனித உடல்.

அந்தப் புல்டோசர் கண்டி வீதியோரம் நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டுள்ளது. சுற்றுலா செல்லும் மாணவருக்கு ஆசிரியர் அங்கே என்ன சொல்வது? ஒருசாரார் நிறுத்தியவரின் தீரத்தை மட்டும் பேசுவர். மற்றொருசாரார் கவசம் பூட்டியவரின் சூழ்ச்சித்திறனை வியப்பர். இரண்டுமே அரைப்பாடம் என்பது நம் கருத்து. மண்ணை நிரவி வீதி சமைக்கப் பிறந்த இயந்திரம் அது. வெளியே மாண்டவரும் உள்ளே மாண்டவரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகளே. இவ்வளவையும் சொல்லத் துணியாத ஆசிரியர் பேருந்தை அங்கே நிறுத்தாதிருப்பதே மேல்.

இன்னொரு பாடமும் உண்டு. அது இவற்றினும் அவசரமானது. 2009இல் யுத்தம் ஓய்ந்தபின் வன்னி மண்ணிலிருந்து வெடிக்காத குண்டுகளை ஆண்டுக்கணக்காக அகழ்ந்தெடுத்து வருகின்றனர். துருவேறிய கூம்பின் உள்ளிருக்கும் மருந்து துருவேறுவதில்லை. பழைய இரும்புக்கு விலையுண்டு என்று பிள்ளைகள் அறிவார்கள். அந்தக் கூம்பு எப்படியிருக்கும், கண்டால் தொடாது யாரிடம் அறிவிப்பது என்பதை ஆனையிறவுக்குப் புறப்படுமுன், வகுப்பறையிலேயே, கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும்.