லினக்ஸுக்கு மாறுறதுக்கு முன்னாடி பாமினியை விடுங்க

"தங்கச்சி, இது இனி சரி வராது. புதுசு ஒண்டு பாத்துக்கொள்ளுங்க."

போன தை மாசம் மாத்தளை டவுன்ல ஒரு கம்பியூட்டர் கடையில எனக்குக் கிடைச்ச தீர்ப்பு இது. பேட்டரி போகல, திரை உடையல, கீபோர்டில ஒரு கட்டை கூட கழரல. நான் கொண்டுபோன லெப்டொப் அந்த நேரம் கடை மேசை மேல நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்தது. அதுமேல இருந்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது இன்டெலின் 6ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 கேட்பது 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிறகு வந்ததோ, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதனால ஓடுற மெஷின் ஒரே நாளில "பழசு" ஆகிப்போச்சு.

நானா காட்டின புது லெப்டொப் ஒன்றரை லட்சம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எங்க அம்மா ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில கொழுந்து எடுக்கிறாங்க. 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் இன்னும் 200 ரூபாய் தரும் என்று அறிவித்தார்கள். எல்லாம் முழுசா கைக்கு வந்தா 1,750. ஒன்றரை லட்சத்துக்கு 86 நாள் உழைப்பு. அந்த 86 நாளும் அரிசி வாங்கக் கூடாது, கடைக்கடன் கட்டக் கூடாது, காய்ச்சல் வரக் கூடாது. போன நவம்பர் கடைசியில டித்வா புயல் மண்சரிவோட வந்துபோன மாவட்டம் வேற இது. இங்க நிறைய வீட்டில இப்ப வாங்க வேண்டிய சாமான் பட்டியலில லெப்டொப் முதல் பத்துக்குள்ள வராது.

ஆக கேள்வி சின்னது. விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுறதா, இல்லையா? என் பதில்: மாறணும். ஆனா அதுக்கு முன்னாடி நாம விட வேண்டிய வேறொன்று இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல, கெம்பஸ் ரூமில எனக்குக் கிடைச்ச அறிவுரைகளைப் பார்ப்போம்.

ஒரு கூட்டம் சொல்லுது: "ஒன்னும் ஆகாது, அப்படியே பாவி." உண்மைதான், விண்டோஸ் 10 ஒக்டோபர் 15ஆம் திகதி காலையிலும் திறந்தது, இன்னைக்கும் திறக்குது. ஆனா 2017 மே மாசம் வன்னாக்ரை என்ற வைரஸ் உலகம் பூரா கம்பியூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற திருத்தம் மார்ச் மாசமே வந்திருந்தது. திருத்தம் போடாத மெஷின்கள்தான் மாட்டின. இனி விண்டோஸ் 10க்கு வழமையான திருத்தமே வராது. ஒரு வருசத்துக்கு நீட்டித்துக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: 30 டொலர் கட்டணும், இல்லாட்டி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து உங்க அமைப்புகளை அவங்க சேமிப்பகத்துக்கு அனுப்ப ஒத்துக்கொள்ளணும். அதுவும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும்தான். நாமளோ ஒவ்வொரு எசைன்மென்டுக்கும் கொமியூனிகேஷன் கடையில பென் டிரைவைக் குத்தி பிரிண்ட் எடுக்கிற ஆக்கள். அந்த பென் டிரைவில திரும்பி வீட்டுக்கு என்னென்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது கூட்டம்: "கிராக் பண்ணி விண்டோஸ் 11 போடு, எல்லாம் யூடியூபில இருக்கு." போடலாம், ஓடவும் செய்யும். ஆனா அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் தர முடியாதுன்னு மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கு. பூட்டை உடைச்சு உள்ள போயிட்டு, வீட்டுக்காரன் கூரையைத் திருத்தித் தருவான்னு காத்திருக்க முடியாது. இதுல நமக்கு இன்னொரு கசப்பான பாடமும் இருக்கு. நம்ம ஊரில விண்டோஸைக் காசு குடுத்து வாங்கினவங்க எத்தனை பேர்? கடையில போட்டுத் தந்தாங்க, நாமளும் அது இலவசம்னே நினைச்சோம். அந்த இலவசத்துக்கான பில்லைத்தான் இப்ப புது லெப்டொப் விலையா நம்ம முன்னால வைக்கிறாங்க.

மூன்றாவது கூட்டம் லினக்ஸ் பக்தர்கள். இவங்களோடதான் எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை. "பென் டிரைவில போட்டு பூட் பண்ணு, அஞ்சு நிமிசம், உன் பிரச்சினை எல்லாம் தீர்ந்தது" என்று சொல்வாங்க. முதல் பாதி உண்மை. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பரீட்சித்துப் பார்த்தேன். வைஃபை பிடித்தது, சத்தம் வந்தது, மெனு விண்டோஸ் மாதிரியே கீழ் மூலையில இருந்தது. கடையில செத்துப்போச்சுன்னு சொன்ன லெப்டொப், விண்டோஸில ஓடினதை விட வேகமா ஓடினது. 2024இல் வந்த மின்ட் 22க்கு 2029 ஏப்ரல் வரைக்கும் திருத்தங்கள் கிடைக்கும். அதாவது நான் பட்டம் வாங்கி வேலை தேடி முடியிற வரைக்கும். விலை: ஒரு இரவு டேட்டா.

அடுத்து என் ஃபோல்டரைத் திறந்தேன். அங்கதான் கதை மாறினது.

எங்க அப்பாயிக்குத் தெம்மாங்கும் கும்மியும் தாலாட்டுமா நிறையப் பாட்டு தெரியும். 2008இல் எங்க பெரியப்பா அவங்க பக்கத்தில உட்கார்ந்து ஒவ்வொன்றா எழுதி, டவுன்ல ஒரு கடையில குடுத்து டைப் பண்ணி, ஒரு சீடியில வைத்திருந்தார். கொப்பி மழையில போச்சு. அப்பாயியும் போயிட்டாங்க. மிச்சம் இருப்பது அந்த வேர்ட் கோப்பு மட்டும்தான். என்னுடைய இறுதி வருச ஆய்வுக்கு அதுதான் அடித்தளம். அதை மின்ட்டில திறந்தா, ஒரு தமிழ் எழுத்து இல்லை. பக்கம் பக்கமா ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.

பக்கத்தில இருந்த சினேகிதி உடனே சொன்னாள்: "பாத்தியா, லினக்ஸில தமிழ் வராதுன்னு சொன்னேன்ல." நானும் ஒரு நிமிசம் நம்பிட்டேன். அவ்வளவு நேரமும் அதே திரையில தமிழ்ச் செய்தித் தளம் ஒன்று அழகா விரிஞ்சு கிடந்ததை ரெண்டு பேருமே கவனிக்கல.

விசயம் இதுதான். அந்தக் கோப்பு பாமினியில டைப் பண்ணினது. பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேல தமிழ் வடிவத்தை மாட்டி வைக்கிற ஒரு முகமூடி. "அம்மா" என்று நாம பார்க்கிற சொல், கோப்புக்குள்ள எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அவ்வளவுதான். பாமினி எழுத்துரு இருக்கிற மெஷினில அது அம்மா. இல்லாத மெஷினில அது குப்பை. பாமினியைக் கொப்பி பண்ணி மின்ட்டில போட்டேன், ரெண்டு நிமிசத்தில அப்பாயி பாட்டு திரும்பி வந்தது. ஆக லினக்ஸ் எதையும் கெடுக்கல. பதினெட்டு வருசமா அந்தக் கோப்பில தமிழே இருக்கல என்ற உண்மையைத்தான் காட்டிக்கொடுத்தது.

இதை அழகியல் பிரச்சினைன்னு ஒதுக்கிடாதீங்க. பாமினிக் கோப்பில யூனிகோடில "கங்காணி" என்று டைப் பண்ணித் தேடிப் பாருங்க, ஒரு இடத்திலும் கிடைக்காது, பக்கத்துக்குப் பத்துக் கங்காணி இருந்தாலும். போனில திறந்தா படிக்க முடியாது. பார்வையற்ற மாணவர் ஒருத்தர் திரை வாசிப்பானில போட்டா, அது தாலாட்டை ஆங்கில எழுத்துகளா ஒப்பிக்கும். சிங்கள நண்பர்களுக்கும் எஃப்எம் அபயாவோட இதே தொல்லைதான்.

யூனிகோடில தமிழ் 1991 முதல் பதிப்பிலேயே இடம்பிடித்தது. விண்டோஸ் 2000இல் தமிழ் யூனிகோட் வந்துவிட்டது. இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ்99உம் லினக்ஸிலும் கிடைக்குது. கால் நூற்றாண்டு கழிச்சும் நம்ம ஆக்கள் என்ன செய்றாங்க? "கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவில், 12 புள்ளியில், வேர்ட் கோப்பாக அனுப்பவும்." ஆய்வரங்கு அறிவித்தல், சஞ்சிகை, கோயில் மலர், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், எல்லாத்திலயும் இந்த வரி. பழைய பேஜ்மேக்கரில பக்கம் கட்டுற ஒரு கடைக்கு வசதி என்பதற்காக, ஒரு சமூகமே தன் எழுத்தை முகமூடிக்குள்ள வைத்திருக்கு.

அதனால பக்தர்களுக்கு நான் சொல்வது: நீங்க மைக்ரோசொஃப்டைத் திட்டுறது நியாயம். ஆனா நம்ம தமிழ் பாமினிக்குள்ள கிடக்கும் வரைக்கும், எந்த மெஷினுக்குப் போனாலும் நம்ம எழுத்து கைதிதான். எழுத்து யூனிகோடில இருந்தா, விண்டோஸ், லினக்ஸ், மெக், போன் எல்லாம் நாம விரும்பினபடி ஏறி இறங்கிற பஸ்ஸுகள். பழக்கத்தை விட பயமில்லாமல் மாறலாம், பிடிக்கலைன்னா திரும்பியும் வரலாம்.

"சரி, வேலைக்குப் போனா வேர்டும் எக்செலும்தானே கேட்பாங்க?" என்பது வீட்டுக்கேள்வி, அம்மாவே கேட்டாங்க. கேட்பாங்கதான். லிப்ரே ஒஃபிஸில கடிதமும் அட்டவணையும் கற்றவளுக்கு வேர்ட் ஒரு வாரப் பழக்கம். எங்க கலைப்பீடப் பாடங்களையே எடுங்க: புவியியலுக்கு கியூஜிஐஎஸ் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடுது. எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளை பிஎஸ்பிபி திறக்குது. இழப்பும் இருக்கு, மறைக்க மாட்டேன். சிக்கலான வேர்ட் கோப்பில அட்டவணைகள் இடம் மாறும். ஃபோட்டோஷொப், பேஜ்மேக்கர் வேலை செய்றவங்க இன்னைக்கே மாறாதீங்க. நான் எசைன்மென்டை பிடிஎஃப் ஆக்கித்தான் பிரிண்டுக்குக் கொண்டுபோறேன். அதால கடையில எழுத்துரு மாறுற தொல்லையும் ஒழிஞ்சது.

தனியா மாறினா கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்றேன். ஜெர்மனியின் மியூனிக் நகரசபை ஆயிரக்கணக்கான கம்பியூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றி, 2017இல் திரும்பவும் விண்டோஸுக்கே போக முடிவெடுத்தது. பக்கத்துக் கேரளாவில 2000களின் நடுவில ஆரம்பிச்சது இன்னும் நிக்குது. அங்க அரசுப் பள்ளிக்கூடத்தில லினக்ஸை ஏற்றினதோட நிறுத்தல. மலையாளத்தில பாடப்புத்தகம் எழுதினாங்க, ஆசிரியர்களைப் பயிற்றுவித்தாங்க. நம்ம நாட்டுக்கும் இது அந்நியமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இடர் முகாமைக்காக இலங்கையில எழுதப்பட்ட சகானா, உலகம் பாவிச்ச ஒரு கட்டற்ற மென்பொருள். பேராதனைக்கு மேல நிக்கிற ஹந்தானையின் பெயரிலேயே ஒரு இலங்கை லினக்ஸ் வந்தது. நம்மகிட்ட ஆள் இருந்தாங்க, கூட்டமாச் சேர்ந்து செய்யிற பழக்கம்தான் குறைவு.

ஆகவே நம்ம குழுவுக்கு நேரா மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று, இனி நம்மிடம் வரும் கட்டுரை, கவிதை, அறிவித்தல் எதுவும் பாமினியில ஏற்கப்படாதுன்னு எழுதிப் போடுவோம். அனுப்புறவங்களுக்கு யூனிகோடில டைப் பண்ணச் சொல்லித் தருவோம். ரெண்டு, வீட்டில கிடக்கிற பழைய பாமினிக் கோப்புகளைச் சேர்த்து மாற்றுவோம். மாற்றிகள் ஒன்லைனில இருக்கு. மாற்றின பிறகு கொம்பும் காலும் சரியான்னு கண்ணால ஒருதரம் வாசிக்கணும், அவ்வளவுதான் வேலை. சங்கம் வைத்திருக்கும் மலர்கள், பெரியவங்களோட நாடகங்கள், எல்லாம் இதுல வரணும். மூணு, மாத்தளையில ஒரு ஞாயிற்றுக்கிழமை, "செத்துப்போச்சு"ன்னு சொல்லப்பட்ட லெப்டொப்புகளைக் கொண்டுவரச் சொல்லி, பென் டிரைவில மின்ட்டை ஓட்டிக் காட்டுவோம். பிடிச்சா போடட்டும், பிடிக்கலைன்னா தூக்கிட்டுப் போகட்டும்.

மாத்தளையில இருந்து தம்புள்ளை ரோட்டில கொஞ்ச தூரம் போனா அளுவிகாரை. வாய்வழியா வந்த திரிபிடகத்தை, பஞ்சத்திலும் போரிலும் மனப்பாடம் பண்ணின ஆக்களோட சேர்ந்து அழிஞ்சுவிடுமோன்னு பயந்து, கி.மு. முதலாம் நூற்றாண்டில ஓலையில எழுதி வைத்த இடம். ஸ்கூல் ட்ரிப்பில எல்லாரும் போயிருப்போம். அந்த ஓலையை வாசிக்க எந்தக் கம்பெனியோட அனுமதியும் வேண்டியிருக்கல.

போன கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போய், மின்ட் ஓடுறதைக் காட்டினேன். நானா கொஞ்ச நேரம் அங்க இங்க தட்டிப் பார்த்தார். "ஏன் நானா, நீங்களே இதைப் போட்டுக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"ஆரும் கேக்கல்லயே தங்கச்சி. கேட்டா போட்டுக் குடுக்கலாம்தானே."

போய்க் கேளுங்க.