இரண்டாவது தாண்டல்

தியானப் பகுதி: தானியேல் 6:10, லூக்கா 16:10



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, நம் சபையைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி தயங்கியபடி என்னிடம் வந்தாள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில், நீளம் தாண்டுதலில் இரண்டாம் இடம் பெற்றிருந்தாள். வாழ்த்தினேன், ஆனால் அவள் முகம் மலரவில்லை. "நாங்க ரெண்டு பேரும் ஒரே தூரம்தான் ஐயா தாண்டினோம். அந்த அக்காவுக்கு மட்டும் முதல் இடம் கொடுத்துட்டாங்க" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டிற்கு வந்து விதிமுறையைத் தேடி வாசித்தேன். அவளுக்கான பதிலும், எனக்கான ஒரு பிரசங்கமும் அதில் இருந்தன.

நீளம் தாண்டுதலில் ஒருவர் தாண்டியவற்றுள் மிகச் சிறந்ததே அவருடைய தூரமாகக் கொள்ளப்படுகிறது. இருவருடைய சிறந்த தூரமும் சமமானால், இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலை ஒப்பிடுகிறார்கள். அதில் முந்தியவருக்கே முதலிடம்.

2017 ஜூலையில் புவனேசுவரத்தின் கலிங்கா மைதானத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் இதுவே நிகழ்ந்தது. பெண்களுக்கான நீளம் தாண்டுதலில் கேரளத்தைச் சேர்ந்த நீனா வரகில் 6.54 மீட்டர் தாண்டினார். வியட்நாமின் புய் தி து தாவோவும் அதே 6.54 மீட்டர்தான் தாண்டினார். ஒரு சென்டிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. ஆயினும் தங்கம் வியட்நாமுக்குச் சென்றது. அவருடைய இரண்டாவது சிறந்த தாண்டல் மேலானதாக இருந்தது. நம் நாட்டின் நீனாவுக்கு வெள்ளி, நயனா ஜேம்சுக்கு 6.42 மீட்டரில் வெண்கலம்.

அன்பானவர்களே, சிறந்த தாண்டலை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கே கைதட்டல் எழுகிறது. இரண்டாவது தாண்டலையோ, தேவை வரும்போது நடுவர் மட்டுமே ஏட்டைப் புரட்டிப் பார்க்கிறார். நம் விசுவாச வாழ்விலும் இப்படி ஓர் ஏடு உண்டு என்று நான் எண்ணுகிறேன்.

தானியேல் என்றவுடன் நமக்குச் சிங்கக் கெபி நினைவுக்கு வருகிறது. அது அவருடைய மிகச் சிறந்த தாண்டல். ஆனால் வேதம் அதற்கு முன்பே வேறொன்றைக் குறித்து வைத்திருக்கிறது. அரசனின் கட்டளை பிறந்ததை அறிந்தும், எருசலேமை நோக்கித் திறந்த பலகணியண்டை, தினம் மூன்று வேளை, முன்பு செய்துவந்தபடியே அவர் முழங்காற்படியிட்டார். "முன்பு செய்துவந்தபடியே" என்பதுதான் தானியேலின் இரண்டாவது தாண்டல். யாரும் பார்க்காத ஆயிரம் சாதாரண நாட்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன.

இங்கே என் கருத்து ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன். நம் சபை சிறந்த தாண்டல்களை மட்டுமே அளக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. நூற்பாலையில் இரவுப் பணி முடித்து, தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு நேராக ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் அமரும் ஒரு சகோதரி நம்மிடையே இருக்கிறார். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறார். ஒருமுறை சாட்சி கூற அழைத்தேன். "சொல்ற மாதிரி ஒண்ணும் நடக்கலையே ஐயா" என்றார்.

அந்த வார்த்தை இன்றும் என்னைக் குத்துகிறது. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். நோய் நீங்கினால் சாட்சி, விசா கிடைத்தால் சாட்சி, மதிப்பெண் வந்தால் சாட்சி என்று வாரந்தோறும் ஒலிபெருக்கியை நீட்டியவன் நான். அற்புதங்களை அறிவிப்பது தவறென்று சொல்லவில்லை. அவற்றிற்காகத் தேவனுக்கு மகிமை உண்டாவதாக. ஆனால் நடக்காத அற்புதத்திற்காக முறுமுறுக்காமல் உண்மையாய் நிற்பதும் சாட்சியே. கன்வென்ஷன் மேடையில் பொறுமையைக் குறித்து உருக்கமாகப் பிரசங்கித்துவிட்டு, மறுநாள் காலை காபி தாமதமானதற்கு வீட்டில் குரலை உயர்த்தியவன் நான். என் இரண்டாவது தாண்டலை அளந்தால் எவ்வளவு இருக்கும் என்பது என் மனைவிக்குத் தெரியும்.

ஆகையால், வரும் மாதம் முதல் நம் சாட்சி வேளையில் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கப்போகிறேன்: "இந்த வாரம், யாரும் பாராத நேரத்தில், எதில் உண்மையாயிருக்கத் தேவன் உங்களுக்குப் பெலன் தந்தார்?"

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நாம் இரட்சிக்கப்படுவது நம் தாண்டலின் நீளத்தால் அல்ல, கிருபையினால். விளையாட்டில் வாய்ப்புகள் தீர்ந்தால் போட்டி முடிந்தது. பேதுருவோ நெருப்பண்டை மூன்றுமுறை தவறினார். கர்த்தரோ மற்றொரு நெருப்பண்டை, மூன்றுமுறை கேட்டு, அவரை மீண்டும் நிறுத்தினார். அந்தக் கிருபையைப் பெற்றவர்களுக்கே அன்றாட உண்மை பாரமாயிராமல் நன்றியாய் மலரும்.

அந்த மாணவியிடம் இன்னும் ஒரு செய்தியைச் சொன்னேன். அடுத்த ஆண்டு, 2018இல், ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே இருவரும் மறுபடியும் சந்தித்தார்கள். புய் தி து தாவோ 6.55 மீட்டர், நீனா 6.51 மீட்டர். மீண்டும் வெள்ளிதான். "அப்போ இவங்க ஜெயிக்கவே இல்லையா ஐயா?" என்றாள். "அந்த முறை தங்கம் கிடைக்கவில்லை, மகளே. ஆனால் கைக்கு எட்டிய தங்கம் நழுவிய பிறகும், அடுத்த ஆண்டு அதே ஓடுபாதையில் வந்து நின்றார் அல்லவா?" என்றேன். சற்று யோசித்துவிட்டு, மறுநாள் காலைப் பயிற்சிக்குச் செல்ல வேண்டும் என்று சொல்லி விடைபெற்றாள்.

ஜெபம்: அந்தரங்கத்தில் பார்க்கிற பிதாவே, எங்கள் பெரிய நாட்களுக்காக நன்றி. எங்கள் சாதாரண நாட்களையும் உமக்கு உகந்தவையாக்கும். கொஞ்சத்தில் உண்மையாயிருக்க எங்களுக்கு உதவும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.