குட்டியை மட்டும் ஏன் கேட்கிறோம்?

சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர் என் மேசை முன் வந்தமர்ந்து, முதிர்வடைய இன்னும் ஐந்து மாதங்கள் இருந்த வைப்புத்தொகை ஒன்றை உடனே முடித்துத் தரவேண்டும் என்றார். இடையில் முடித்தால் வட்டி குறையும் என்பதை எடுத்துச் சொல்வது என் கடமை, சொன்னேன். மருத்துவச் செலவாக இருக்குமோ என்ற தயக்கத்தோடுதான் காரணம் கேட்டேன். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு லாப்ரடார் குட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். குட்டி பிறந்து நாற்பது நாள் ஆகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக விற்பவர் அவசரப்படுத்துகிறாராம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். குடியிருப்பு நான்காவது மாடியில்.

படிவத்தை எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிட்டது. ஆயினும் வாய் சும்மா இருக்கவில்லை. "அவரிடம் வளர்ந்த நாய் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தீர்களா?" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "வளர்ந்த நாயை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா, சார்?"

வரிசையில் ஆறு பேர் காத்திருந்ததால் அன்று அவருக்குச் சொல்ல முடியாமற்போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

நானும் ஒருகாலத்தில் குட்டி வாங்கியவன்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் பணியாற்றியபோது, இரண்டு மாதக் குட்டி என்று சொல்லி ஒருவர் விற்றதை வாங்கி வந்தோம். அதற்கு ஐந்து வாரம்கூட ஆகியிருக்காது என்று மருத்துவர் பல்லைப் பார்த்துச் சொன்னார். ஐந்தாம் நாள் வாந்தி, இரத்தப்போக்கு. பார்வோ வைரஸ். ஒன்பதாம் நாள் இறந்துவிட்டது. என் மகனுக்கு அப்போது ஆறு வயது. கொடுத்த பணத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. நாயைப் பற்றியும் நெடுநாள் பேசவில்லை.

அதன்பின் பணிமாற்றத்தில் வட கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்துக்குச் சென்றேன். முதோல் அங்கேதான் இருக்கிறது. ஊரின் பெருமையைக் கேட்டால் கன்னடக் கவி ரன்னன் பிறந்த ஊர் என்பார்கள். அடுத்த மூச்சில் நாயைப் பற்றித் தொடங்கிவிடுவார்கள். நீண்ட முகமும் ஒட்டிய வயிறும் உயர்ந்த கால்களும் கொண்ட முதோல் வேட்டை நாயை 2005-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இனங்களின் தபால்தலைகளில், நம் இராசபாளையத்தோடு சேர்த்துக் காணலாம். 2016-ல் இராணுவம் இவ்வினக் குட்டிகளைப் பயிற்சிக்காக மீரட்டுக்குக் கொண்டு சென்றது. சுற்றுக் கிராமங்களில் கரும்பு, ஆடு, மாடு ஆகியவற்றோடு நாய் வளர்ப்பையும் துணைத்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் உண்டு.

கடன் விண்ணப்பம் ஒன்றின் பொருட்டு அப்படியொரு வீட்டைப் பார்வையிடச் சென்றிருந்தேன். குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்கள். கொல்லையில் வேப்பமரத்தடியில் நான்கு வயதுப் பெட்டை ஒன்று தனியே படுத்திருந்தது. மூன்று முறை ஈன்றதாம். கடைசி முறை அறுவை செய்து குட்டிகளை எடுக்க நேர்ந்ததால் இனி ஈனவிட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "இதை யார் கேட்கிறார்கள், சார்? வருகிறவர் எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள்" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வேண்டும் என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கடன் கேட்டு நிற்பவரிடம் அதிகாரி ஒருவர் நாயை ஓட்டிக்கொண்டு வருவது எந்த விதியின்கீழ் வரும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம். மௌனமாகத் திரும்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, எங்கள் கிளையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வேறொரு வளர்ப்பாளரிடம் அதேபோல் ஒதுக்கப்பட்ட பெட்டை ஒன்றைக் கண்டோம். வயது மூன்றரை. பெயர் ராணி. இப்போது நாங்கள் புனேயில் இருக்கிறோம். இதை எழுதும்போது மேசைக்கடியில் அவள் உறங்குகிறாள்.

இனநாய் வளர்ப்பவர் எவரிடமும் இப்படிச் சில நாய்கள் தேங்கிவிடுகின்றன. கண்காட்சிக்கென்று நிறுத்திவைத்த குட்டி வளர்ந்தபின் பல்வரிசை சரியில்லாமற் போயிருக்கும். உயரம் ஓர் அங்குலம் குறைந்திருக்கும். வாங்கியவர் வெளிநாடு செல்வதால் திருப்பிக் கொடுத்ததாக இருக்கும். அல்லது ஈன்று முடித்த தாயாக இருக்கும். இக்குறைகளில் எதுவும் ஒரு வீட்டுக்குக் குறையன்று. பல்வரிசை எப்படி இருந்தால் நமக்கென்ன?

குட்டி வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அது எவ்வளவு பெரிதாகும், அண்டை வீட்டுக் குழந்தையிடம் எப்படி நடந்துகொள்ளும், தனியே விட்டால் ஊரைக் கூட்டுமா என்பதெல்லாம் இனத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கத்தக்கவை; அவ்வளவே. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களுக்கு வரும் இடுப்பு மூட்டுக் குறைபாட்டை நாற்பது நாள் குட்டியிடம் யாரும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு வயது நாயை எக்ஸ்ரே எடுத்துத் தெரிந்துகொள்ளலாம். உண்ணிக் காய்ச்சல் இருக்கிறதா என்பதற்கு இரத்தப் பரிசோதனை போதும். குணத்தை அறிய, அரை நாள் அதனோடு இருந்து பார்த்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். வீடு வாங்க மூலப்பத்திரம் கேட்கிற நாம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உடனிருக்கப் போகும் உயிரை, அது கண்ணைச் சிமிட்டுகிற அழகுக்காக முடிவு செய்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை உணவு தரவேண்டும். இரண்டு மணிக்கொரு முறை வெளியே விடவேண்டும். தடுப்பூசித் தொடர் முடிய ஏறத்தாழ நான்கு மாத வயதாகும்; அதுவரை தெருவில் இறக்கவும் அஞ்சவேண்டும். பிறகு பல் முளைக்கும் பருவம். செருப்பு, மேசைக்கால், மின்கம்பி எதுவும் தப்பாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை பூட்டிக் கிடக்கும் வீட்டில் இதையெல்லாம் யார் பார்ப்பது? பெரும்பாலான வீடுகளில் பாட்டிதான். எழுபது வயதில், தரையைத் துடைத்துக்கொண்டு.

வளர்ப்பாளரிடம் வளர்ந்த நாயைக் கேட்பதில் மற்றொரு பயனும் உண்டு. அவர் எத்தகையவர் என்று அக்கேள்வியே காட்டிவிடும். "ஈன்று முடித்த நாய்களை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அழைத்துச் சென்று காட்டுபவர் ஒரு வகை. பேச்சை மாற்றுபவர் இன்னொரு வகை. இரண்டாமவரிடம் குட்டியும் வாங்கவேண்டாம் என்பேன்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2017-ல் மத்திய அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, வளர்ப்பாளர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது. பெட்டையைப் பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைக்கு மேலும், வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேலும் ஈனவைக்கக் கூடாது. எட்டு வயதுக்குப் பின் அறவே கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நாயை, வாங்குபவர் உரிமம் பெற்ற வளர்ப்பாளராக இருந்தாலொழிய, கருத்தடை செய்த பின்னரே விற்கவேண்டும். இக்கடைசி விதி நமக்குச் சாதகமானது. அறுவை முடிந்த சான்று, தடுப்பூசிப் புத்தகம், தோலுக்கடியில் பதித்த சில்லின் எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்று இருந்தால் உரிமையாளர் பெயரை மாற்றிக்கொள்ளவும் வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மருத்துவர் நாயைப் பார்க்கட்டும். விற்பவரின் மருத்துவர் அல்லர். தொகையை வங்கி வழியே செலுத்தி இரசீது பெறுங்கள் என்று நான் சொன்னால் தொழில் புத்தி என்பீர்கள். என் முதல் குட்டிக்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

வளர்ந்த நாய் வந்த மறுநாளே வீட்டோடு ஒட்டிவிடும் என்று நான் சொல்லவில்லை. ராணி எங்கள் வாசற்படியைத் தாண்ட நான்கு நாளாயிற்று. அவள் பிறந்தது முதல் மண்தரையில் இருந்தவள். வழுவழுப்பான தரையில் கால் வைக்க நடுங்கினாள். குக்கர் விசில் அடித்தால் கொல்லைக்கு ஓடினாள். தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை ஒரு வாரம் பகைவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் உறங்கிய பின்னரே உணவைத் தொட்டாள். நாய்கள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பதினான்காம் வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அப்பருவத்தில் வீட்டையோ குழந்தைகளையோ அறியாமல் கூண்டிலேயே வளர்ந்த நாய்க்குப் பிற்காலத்தில் பழக்குவது கடினம். சிலவற்றின் அச்சம் முழுதும் தீருவதே இல்லை. ஆகவே வளர்ந்த நாய் எதுவாயினும் சரி என்று முடிவுசெய்ய வேண்டாம். மனிதரோடு புழங்கி வளர்ந்ததா என்று பாருங்கள். சிறு குழந்தை இருக்கும் வீடானால் குழந்தையையும் அழைத்துச் சென்று, ஒருமுறைக்கு மூன்றுமுறை பாருங்கள்.

எங்கள் தவறு ஒன்றும் உண்டு. இவ்வகை வேட்டை நாய்களுக்குத் தலை ஒல்லி, கழுத்துத் தடிமன்; சாதாரணக் கழுத்துப்பட்டை பின்னுக்கு இழுத்தால் கழன்றுவிடும். வளர்ப்பாளர் சொல்லியிருந்தார்; நான் காதில் வாங்கவில்லை. பத்தாம் நாள் பேருந்து நிலையத்தருகே ஓர் ஆட்டைக் கண்டதும் பட்டை என் கையில் இருந்தது, ராணி இல்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் அவளே எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றாள். அவ்வளவு நாளும் நாய் என்றாலே விலகிப் போன என் தாயார் அன்றுதான் முதன்முதலாகக் கையால் சோறு பிசைந்து வைத்தார். அவளுடைய விலா எலும்பு தெரிவதைக் கண்டு உறவினர் எல்லோரும் "சோறு போடுவதில்லையா?" என்று கேட்பது இன்றுவரை தொடர்கிறது. அவ்வினத்தின் அமைப்பே அது என்று விளக்கி அலுத்துவிட்டேன்.

காசு கொடுத்து வாங்குவானேன், தெருநாய்க்கோ காப்பகத்து நாய்க்கோ வீடு தரலாமே என்று கேட்பவர் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. நம் நாட்டு நாயைப் போல நோய் தாங்கும் நாய் அரிது. முடிந்தவர் அதையே செய்யட்டும். ஆனால் குறிப்பிட்ட இனம்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டவர் எப்படியும் வளர்ப்பாளரிடம்தான் போகப்போகிறார். அவர் கொல்லைப்புறத்தையும் எட்டிப் பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள். விலையும் குட்டியைவிடக் குறைவாகவே இருக்கும். நல்ல வீடு கிடைத்தால் போதும் என்று கருத்தடைச் செலவை மட்டும் பெற்றுக்கொள்பவரையும் பார்த்திருக்கிறேன். குட்டியின் விலைக்கு மேலே கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அந்த வாடிக்கையாளர் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நாள் குட்டியை விற்பது விதிமீறல் என்று சொன்னதும் விற்பவர் இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். வேறொரு வளர்ப்பாளரிடம், குடும்பம் வெளிநாடு சென்றதால் திரும்பி வந்த இரண்டு வயது லாப்ரடார் ஒன்று இருக்கிறதாம். இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார்கள். முதல்முறை அது மகளின் காலணியை மோந்துவிட்டுத் தன் மூலைக்குப் போய்விட்டதாம். இரண்டாம் முறை காலணி மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டதாம். பிறந்தநாள் கடந்துவிட்டது, மகள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றார். மூன்றாம் முறை வரும் ஞாயிறு போகிறார்கள். வைப்புத்தொகை அப்படியே இருக்கிறது.